கழற்றும் முன் அளந்து பார்க்கும் பட்டறை

தக்கலையிலிருந்து திங்கள்சந்தை வழியாகக் குளச்சலுக்குச் செல்லும் சாலையில், கார்களின் மின்பழுதுகளை மட்டும் பார்க்கும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரையின் கீழே கம்பியில் வரிசையாகத் தொங்கும் பழைய ஆல்டர்னேட்டர்களும் (இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை ஏற்றும் கருவி) இஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் செல்ஃப் மோட்டார்களுமே அடையாளம். அங்கே வேலை கற்கும் இளைஞர்கள் உரிமையாளரை ஆசான் என்று அழைக்கிறார்கள். வாடிக்கையாளர்களும் அப்படியே அழைப்பதால், இந்த மதிப்புரையிலும் அவரை அவ்வாறே குறிப்பிடுகிறேன். ஆல்டர்னேட்டர் பழுதானால் வேறொன்றை வாங்கி மாட்டிவிடுவதே வேலை என்று ஆகிவிட்ட இக்காலத்தில், எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்பதை மீட்டரால் உறுதி செய்துகொண்டு, அந்த உறுப்பை மட்டும் மாற்றித் தரும் இடம் இது. இதற்காகவே இந்தப் பட்டறையைப் பரிந்துரைக்கிறேன். எல்லா வண்டிக்கும் எல்லா மனிதருக்கும் இது பொருந்தாது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

என்னுடையது பத்து ஆண்டைக் கடந்த பெட்ரோல் ஸ்விஃப்ட். வீடு மணவாளக்குறிச்சிப் பக்கம், கடலுக்கு அருகில் இருப்பதால், வண்டி இரவு முழுவதும் உப்புக்காற்றில்தான் நிற்கும். காலையில் செல்ஃப் தயங்கித் தயங்கிச் சுழன்றது. இரவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் முகப்பு விளக்கு பளிச்சென்று எரிந்து, காலை எடுத்தால் மங்கியது. டாஷ்போர்டில் இருக்கும் பேட்டரி விளக்கு, இருட்டில் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்கு மங்கலாகச் சிவந்து கிடந்தது. முதலில் ஒரு பேட்டரிக் கடையில் காட்டியபோது, பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கூறிப் புதியதைப் பொருத்திவிட்டார்கள். அதுவும் சில வாரங்களில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. அடுத்துச் சென்ற ஒர்க்‌ஷாப்பில், போனட்டைத் திறந்து ஓசையைக் கேட்ட மாத்திரத்தில், முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டும் என்று விலை சொன்னார்கள். இரண்டு இடத்திலும் எவரும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை.

ஆசான் வண்டியை இயக்காமலேயே தொடங்கினார். முகப்பு விளக்கைச் சிறிது நேரம் எரியவிட்டு அணைத்தார். அதன் பிறகே பேட்டரியை அளந்தார். ஓடி வந்து நின்ற வண்டியின் பேட்டரியில் மேலோட்டமான மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால், அதை இறக்காமல் அளந்தால் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். முழுமையாக ஏறிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். என் வண்டியில் இருந்தது 12.2. புதிய பேட்டரி இந்த நிலையில் இருக்கிறது என்றால், ஒன்று மின்சாரம் எங்கோ கசிகிறது, அல்லது போதுமான அளவு ஏறவில்லை.

கசிவைப் பார்ப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் வயரோடு மீட்டரைத் தொடராக இணைத்து, கதவுகளைப் பூட்டச் சொல்லி, அரைமணி நேரத்துக்கு வண்டியை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இக்காலக் கார்களில் உள்ள கணினிப் பெட்டிகள் வண்டியைப் பூட்டிய பிறகும் சிறிது நேரம் விழித்திருக்கும். அவை அடங்குவதற்கு முன் அளந்தால் இல்லாத கசிவு இருப்பதுபோலத் தோன்றும். 50 மில்லி ஆம்பியர் வரை பொதுவாக ஏற்கத்தக்கது. என் வண்டி 30ஐ ஒட்டியே காட்டியது. ஆகவே கசிவு இல்லை, ஏறுவதில்தான் குறை.

பிறகு இஞ்சினை இயக்கினார். எந்த விளக்கும் எரியாத நிலையில், ஐடிலிங்கில், பேட்டரி முனைகளில் 13.8 வோல்ட் வந்தது. 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சரி என்பதே எங்கும் சொல்லப்படும் கணக்கு என்பதால், இத்துடன் நிறுத்திக்கொள்ளும் ஒருவர் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று கூறி வண்டியை அனுப்பியிருப்பார். ஆசான் நிறுத்தவில்லை. “லைட்டு எல்லாத்தையும் போட்டுட்டுப் பாக்கணும் சாரே, சும்மா பாத்தா எல்லா டைனமோவும் நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லி, முகப்பு விளக்கை ஹைபீமில் போட்டு, ஏசி ஊதுவிசிறியை முழு வேகத்தில் வைத்து, பின்கண்ணாடியின் ஹீட்டரையும் போட்டார். மீட்டர் 12.6க்கு இறங்கியது. இஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு உயர்த்தியும் 12.9க்கு மேல் ஏறவில்லை. நல்ல ஆல்டர்னேட்டர் அந்த வேகத்தில் இவ்வளவு சுமையையும் தாங்கிக்கொண்டு 13.5க்கு மேலே நிற்கும்.

அடுத்து, மீட்டரை ஏசி, அதாவது மாறுமின்சார வோல்ட் அளவுக்குத் திருப்பி, அதே பேட்டரி முனைகளில் மீண்டும் வைத்தார். ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது மாறுமின்சாரம். அதை நேர்மின்சாரமாக்குவது பின்புறத்தில் உள்ள டயோடு பிளேட். டயோடுகள் எல்லாம் சரியாக இருந்தால், இந்த அளவில் மீட்டர் மிகச் சிறிய எண்ணையே காட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஒரு டயோடு தன் வேலையைச் செய்யவில்லை என்று ஐயப்படலாம். என் வண்டியில் 0.8 வந்தது. போனட்டைத் திறந்ததும் முந்தைய ஒர்க்‌ஷாப்பில் கேட்ட ஓசையும் இதிலிருந்து வந்ததாகவே இருக்கலாம். டயோடு போன ஆல்டர்னேட்டர் சுமை ஏறும்போது ஒருவித முனகல் எழுப்பும். ஆனால் பேரிங் தேய்ந்தாலும் ஓசை வரும், பெல்ட் தளர்ந்தாலும் வரும். ஓசையை மட்டும் நம்பி விலை சொல்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

இந்த நிலையில் ஆல்டர்னேட்டரைக் கழற்றக் கை நீட்டாதவர்கள் குறைவு. ஆசானோ மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் பூட்டியிருக்கும் போல்ட்டிலும், மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்து, சுமையோடு இஞ்சினை ஓடவிட்டு அளந்தார். ஒரே வயரின் இரு முனைகள் என்பதால் இடையே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. 0.7 இருந்தது. இஞ்சின் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவ் முனை வரையுள்ள எர்த் பக்கத்தையும் அவ்வாறே அளந்தார். அது சரியாக இருந்தது. பாசிட்டிவ் வயரை ஃபியூஸ் பெட்டிப் பக்கம் கழற்றிக் காட்டினார்: மேலே கறுப்பு உறை புதிது போலவே இருக்க, வயர்முனை உலோகத் துண்டான லக்கை நசுக்கிப் பூட்டிய இடத்தில் செம்பு முழுவதும் பச்சைக் களிம்பாகி, விரலால் தேய்த்தபோது இழைகள் மாவாக உதிர்ந்தன. களிம்பு பிடித்த நீளத்தை வெட்டியெறிந்து, வயரின் உட்புறம் பளபளப்பாகத் தெரியும் வரை பின்னுக்குப் போய், புதிய லக்கை நசுக்கிப் பொருத்தி, ஈயம் பற்றவைத்து, பசையுள்ள சுருங்கும் உறையைச் சூடேற்றி மூடினார்.

அதன் பிறகு மீண்டும் அளந்ததில், சுமையோடு 2,000 சுற்றில் 12.9 ஆக இருந்தது 13.3க்கு உயர்ந்தது, ஆனால் ஏசி அளவு 0.8 என்பதிலிருந்து அசையவே இல்லை. பழுது ஒன்றல்ல, இரண்டு என்பது அப்போது தெளிவாகிவிட்டது. டாஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிந்ததற்கு இவ்விரண்டில் எதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். நான் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றியிருந்தால், உப்பரித்த வயர் அப்படியே இருந்திருக்கும். புதிய ஆல்டர்னேட்டரும் குறைவாகவே ஏற்றியிருக்கும். அடுத்த பழியும் பேட்டரியின் தலையில்தான் விழுந்திருக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள், தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் பெய்யும் இந்த மாவட்டத்தில், ஆல்டர்னேட்டரைக் குறை சொல்வதற்கு முன் இந்த ஒரு வயரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

இடையில் வேறொரு வண்டிக்காரர், இஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடுமே என்று யோசனை சொன்னார். வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் போச்சு, ஓடினால் நல்லது என்ற அந்தப் பழைய முறையை இன்றும் பல இடங்களில் செய்கிறார்கள். ஆசான் அதை அனுமதிக்கவில்லை. ஆல்டர்னேட்டர் முழுமூச்சாக மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், போக்கிடமற்ற மின்னழுத்தம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 80 வோல்ட்டையும் தாண்டி எழக்கூடும். இஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டியோ, ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ அதில் கருகினால், ஆகும் செலவு ஆல்டர்னேட்டரின் விலையைவிடப் பெரிது. அம்பாசிடர் காலத்தில் கெடுவதற்கு அத்தனை பொருள் இல்லாததால் அந்த முறை பிழைத்திருந்தது.

ஆல்டர்னேட்டரைக் கழற்றி மேசையில் பிரித்தபோது என்னையும் அருகில் நிற்கவிட்டார். இது எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும் உரிமை அல்ல. சுழலும் ரோட்டருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன்கள் தேய்ந்திருந்தன: புதியதில் 10 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நிற்க வேண்டியவை 4 மில்லிமீட்டர் அளவில் இருந்தன. கார்பன் உரசும் செம்பு வளையங்களில் நகத்தால் தடவினால் உணரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ரோட்டரின் கம்பிச் சுற்றை இரு வளையங்களுக்கும் இடையே அளந்ததில் 2.7 ஓம் வந்தது. வளையத்துக்கும் நடுத்தண்டுக்கும் இடையே தொடர்பில்லை. ஆகவே ரோட்டர் சரி. அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் கம்பிச் சுற்றிலும் கருகிய நிறமோ, உடலோடு தொடர்போ (எர்த்) இல்லை. டயோடு பிளேட்டில் ஆறு டயோடுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். நல்ல டயோடு ஒரு திசையில் மட்டும் அரை வோல்ட்டை ஒட்டிக் காட்டி, மறுதிசையில் எதுவும் காட்டாது. ஐந்து அப்படியே காட்டின; ஒன்று இரு திசையிலும் ஊமையாக இருந்தது.

அது ஏன் போனது என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்று தொடங்கிவிட்டு, வழக்கமான ஒரு காரணத்தைக் கூறினார். பேட்டரி அடியோடு இறங்கிய வண்டியை வேறு வண்டியிலிருந்து வயர் போட்டு இயக்கி, அப்படியே நீண்ட தூரம் ஓட்டிச் செல்கிறார்கள். காலியான பேட்டரியை நிரப்பும் முழுப் பாரமும் ஆல்டர்னேட்டர் மேல் விழுகிறது. வெப்பம் ஏறி டயோடு போகிறது. ஆல்டர்னேட்டரின் வேலை செலவான மின்சாரத்தை ஈடுசெய்வதே அன்றி, காலியான பேட்டரியை உயிர்ப்பிப்பது அல்ல. அதனால்தான் அவர் என் பேட்டரியைத் தனியே சார்ஜரில் போட்டு, 35 ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் அளவில் மெதுவாக முழுக்க ஏற்றிய பிறகே வண்டியில் வைத்தார். இதற்கெனத் தனியாகப் பணம் கேட்கவில்லை.

பழுது நீக்கிய விதத்தில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஸ்டேட்டரின் முனைகளை டயோடு பிளேட்டோடு பற்றவைக்க, ரேடியோ பழுது பார்க்கும் சிறு பற்றுக்கோலைப் பயன்படுத்தாமல், தடித்த தலையுள்ள பெரிய பற்றுக்கோலை நன்றாகச் சூடேற்றி, ஒவ்வொரு இணைப்பையும் சில நொடிகளுக்குள் முடித்தார். பலவீனமான கோலை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் டயோடே வெப்பத்தில் கெடும்; ஈயமும் உள்ளே இறங்காமல் மேலே உருண்டு நிற்கும். ஆல்டர்னேட்டர் சூடேறி அதிரும்போது அந்த இணைப்புதான் முதலில் விடும். மற்றது, பேரிங். பின்புறப் பேரிங்கில் துரு ஏறியிருந்ததால் இரண்டையும் மாற்றினார். புதியதைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தின் மீது மட்டும் படும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்து அழுத்தினார். வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டி ஏற்றிய பேரிங் அன்றே பாதி செத்துவிடும் என்று, வேலை பழகும் பையனுக்கு அந்த நேரத்தில் பாடமும் நடந்தது. பேரிங்கின் உறையையும், முத்திரை எண்ணையும் என்னிடம் காட்டிய பிறகே பிரித்தார். போலிப் பேரிங்குகள் சந்தையில் நிறைய இருப்பதால் இது வெறும் சடங்கு அல்ல.

செம்பு வளையங்களை லேத்தில் மெல்லிதாகச் சீவி, கார்பனோடு சேர்ந்த புதிய ரெகுலேட்டரைப் பூட்டி, மேசையில் மோட்டாரால் சுழற்றி, பழைய முகப்பு விளக்குப் பல்புகளைச் சுமையாகக் கொடுத்து ஓட்டிப் பார்த்த பின்னரே வண்டியில் ஏற்றினார். பெல்ட்டில் விரிசலோ பளபளப்போ இல்லாததால் பழையதையே போட்டு இழுவையைச் சரிசெய்தார். அதையும் மாற்றச் சொல்லிக் காசு பார்க்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. வண்டியில் ஏற்றியதும் முன்பு எடுத்த எல்லா அளவுகளையும் அதே வரிசையில் மீண்டும் எடுத்தார். சுமையோடு 2,000 சுற்றில் 14.1; ஏசி அளவு 0.05க்கும் கீழே. இரணியல் வரை ஓட்டி வந்து இஞ்சின் கொதிக்கும் சூட்டில் அளந்தபோது 13.8. குறைந்துவிட்டதே என்று கேட்டதற்கு, சூடு ஏற ஏற ரெகுலேட்டர் தானாகவே மின்னழுத்தத்தைக் குறைக்கும், இல்லையென்றால் வெயில் காலத்தில் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும் என்று விளக்கினார். இது ஒரு கோளாறு அல்ல என்பதைத் தெரிந்துகொள்ளாதவர்கள், நண்பகலில் மீட்டரைப் பார்த்து வீணாகப் பதறுகிறார்கள்.

டயோடு பிளேட், ரெகுலேட்டர், பேரிங்குகள், லேத் வேலை, வயர், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆயிற்று. புதிய ஆல்டர்னேட்டருக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ரீகண்டிஷன் செய்தது என்று கடைகளில் கிடைப்பது இதே விலைக்கு வரும். ஆனால் வெள்ளி வண்ணம் பூசிய அந்தக் கூட்டுக்குள் யாருடைய டயோடு, எந்தப் பேரிங் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கழற்றிய உறுப்புகள் அனைத்தையும் ஒரு செய்தித்தாளில் பொதிந்து, கேட்காமலேயே என் கையில் கொடுத்தார். ரோட்டரோ ஸ்டேட்டரோ எரிந்திருந்தால் மட்டும் என் தீர்ப்பு மாறும்: சுற்றைப் புதிதாகச் சுற்றுவதைவிட, அப்போது புதிய ஆல்டர்னேட்டரே மலிவு. ஆசானும் அதையேதான் சொல்கிறார்.

இனி குறைகள். வேலை மெதுவாக நடக்கும்; ஒரே ஒரு சோதனை மேசைதான் இருக்கிறது, அதுவும் மின்தடை வந்தால் நின்றுவிடும். காலையில் விட்டு மாலையில் எடுக்கலாம் என்ற நம்பிக்கையோடு போகக் கூடாது. எப்போது கிடைக்கும் என்று கேட்டால் நேரான பதில் வராது. இரண்டாவது முறை கேட்டால் எரிச்சல் வரும். உட்கார ஒரு பெஞ்சு மட்டுமே உண்டு, கழிப்பறை இல்லை. பெண்களும் முதியவர்களும் காத்திருக்க ஏற்ற இடம் அன்று. பில் என்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தருகிறார். எந்த உறுப்பு, என்ன விலை என்று பிரித்து எழுதச் சொல்லி நான் கேட்டுத்தான் வாங்கினேன். டயோடுக்கும் ரெகுலேட்டருக்கும் ஆறு மாதம் பொறுப்பு என்பது வாய்ச்சொல்தான், எழுத்தில் இல்லை. பேரிங்குக்கு அதுவும் கிடையாது. இவ்வளவு கவனமாக அளப்பவர், எடுத்த அளவுகளையெல்லாம் அதே சீட்டில் எழுதிக் கொடுத்தால் எத்தனை பயனாக இருக்கும் என்று தோன்றியது.

இன்னொரு குறை வண்டியைப் பொறுத்தது. அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எப்போது எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை இஞ்சின் கணினியே முடிவு செய்கிறது. வேகமெடுக்கும்போது ஏற்றுவதைக் குறைத்து, பிரேக் பிடித்து வேகம் தணியும்போது கூட்டும், ஆகவே 12.6 என்று மீட்டர் காட்டினாலும் அங்கே பழுது இல்லாமல் இருக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சிறு உணரி ஒன்று பூட்டியிருந்தால் உங்கள் வண்டி அந்த வகையாக இருக்க வாய்ப்புண்டு. அவற்றைச் சோதிக்க ஸ்கேனர் வேண்டும். அது இந்தப் பட்டறையில் இல்லை. 2015இல் சியாஸிலும் எர்டிகாவிலும் மாருதி கொண்டுவந்த எஸ்ஹெச்விஎஸ் அமைப்பில், செல்ஃபின் வேலையையும் ஆல்டர்னேட்டரின் வேலையையும் பெல்ட்டில் ஓடும் ஒரே இயந்திரம் செய்கிறது. அத்தகைய வண்டிகளை ஆசான் தொடுவதில்லை; நிறுவன சர்வீஸுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். தெரியாததில் கை வைக்காததைக் குறையாகச் சொல்வதா என்பது வேறு கேள்வி. ஆனால் மார்த்தாண்டத்திலிருந்தோ களியக்காவிளையிலிருந்தோ அவ்வளவு தூரம் வந்து திரும்பிப் போகிறவருக்கு அது குறைதான்.

மொத்தத்தில், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட மாருதி, ஹூண்டாய், டாடா வண்டிகள், பழைய ஜீப்புகள், சிறு சரக்கு வண்டிகள் ஆகியவற்றுக்கு இந்தப் பட்டறை மிகவும் ஏற்றது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அதனால் திங்களன்று கூட்டம் அதிகம், வார நடுவில் காலை வேளையில் போனால் ஆசானே வண்டியைப் பார்ப்பார், பிந்தினால் பையன்கள்தான் தொடக்கச் சோதனையைச் செய்வார்கள். பேட்டரி வாங்கிய பில் இருந்தால் கையோடு கொண்டுபோவது நல்லது, தேதியைக் கேட்பார். பேட்டரி முனைகளையும் வயர்களையும் வீட்டிலேயே வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போக வேண்டாம், ஏனெனில் களிம்பு எங்கே படிந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மீட்டரை முதலில் எங்கே வைப்பது என்று அவர் தீர்மானிக்கிறார்.